சந்தேகக் கொடியும் அம்மாவின் கூடையும்

நான் ஒரு சந்தேகப் பிராணி. இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு இப்போது வெட்கமில்லை, வீட்டில் எல்லோரும் எனக்கு முன்பே ஒப்புக்கொண்டுவிட்டார்கள். பஸ்ஸில் பக்கத்து ஆள் சிரித்தால் சட்டைப்பையைத் தொட்டுப் பார்ப்பேன். யாராவது பாராட்டினால், இவருக்கு என்ன வேண்டும் என்று யோசிப்பேன். இப்படிப்பட்டவனிடம் இரண்டு பேரைக் கொடுத்து வேலை வாங்கச் சொன்னால் என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கதை.

ஹட்டனில் ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில் எங்கள் சாஃப்ட்வேர் கம்பனி. கம்பனி என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். மூன்று மேசை, நான், குமுதா, ரிஸ்வான், அவ்வளவுதான். (நாலாவது ஆள் வந்தால் யாராவது ஒருவர் எழுந்து நிற்க வேண்டும்.) தேயிலைத் தோட்டத்தில் பறித்த கொழுந்தை நிறுக்கும்போது நிறையை ஃபோனிலேயே பதியும் செயலி ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டம் பரீட்சித்துப் பார்க்கச் சம்மதித்திருந்தது. நான் பிறந்த தோட்டம். அம்மா அப்போதும் அங்கேதான் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். அவர்கள் வேண்டாம் என்றால் மூன்று மேசையையும் விற்றுவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

அந்தச் செயலிக்கு நான் சொந்தமாகக் கண்டுபிடித்துச் சேர்த்த அம்சம், சந்தேகக் கொடி. ஒருவருடைய நிறை முந்தின நிறுவையைவிடத் திடீரென்று ஏறினாலோ இறங்கினாலோ திரை சிவந்து, பெயர் வந்து, சைரன் ஊதும். இது வேண்டும் என்று தோட்டத்தில் யாரும் கேட்கவில்லை. நானும் யாரிடமும் விசாரிக்கவில்லை. விசாரித்தால் யோசனையைத் திருடிவிடுவார்களே!

"அண்ணே, அந்தக் கொடி வேணாங்க. அங்க அது சரிப்பட்டு வராது" என்றாள் குமுதா. அவளும் அதே தோட்டத்துப் பெண். அவளுடைய அம்மா பாக்கியமும் என் அம்மாவும் ஒரே மலையில் கொழுந்து எடுப்பவர்கள்.

"ஏன் சரிப்பட்டு வராது?"

"சும்மாதான் சொன்னேன்."

சும்மாதான் என்பவர்களை நான் சும்மா விடுவதில்லை. அன்றிலிருந்து கண்காணிக்க ஆரம்பித்தேன். நான் உள்ளே வந்தால் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். குமுதா லாப்டாப்பை மூடினாள். ஒரு நாள் ரிஸ்வான் டை கட்டி வந்தான். முடிந்தது, கொழும்புக் கம்பனி ஏதோ இவர்களைத் தூக்கப் போகிறது! (அவன் பெண் பார்க்கப் போனானாம்.) தினமும் மூன்று மணிக்கு இருவரும் தேநீர் குடிக்கக் கிளம்பவே, நானும் பின்தொடர்ந்து, ரொட்டி விற்க நின்றிருந்த பாண் ஆட்டோ ஒன்றின் பின்னால் பதுங்கினேன். ஆட்டோ பாட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டது. நடுத்தெருவில் குந்திக்கொண்டிருந்த என்னைப் பார்த்து ரிஸ்வான், "அண்ணே, சப்பாத்து லேஸ் அவுந்திருச்சா?" என்றான். நான் போட்டிருந்தது செருப்பு.

பரீட்சை நாளும் வந்தது. காலை நிறுவையில் எல்லாம் ஒழுங்காகப் பதிந்தது. பகல் நிறுவைக்குத் தோட்டத்து மேனேஜரே கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு, மடுவத்துக்கு, வந்துவிட்டார். பெண்கள் கூடையோடு வரிசையில் நின்றார்கள்.

முதலில் பாக்கியம் அக்கா. தராசில் வைத்ததும் ஃபோன் அலறியது. நிறை இறங்கியிருக்கிறது! அடுத்தவருக்கும் அலறியது. அதற்கடுத்தவருக்கும். ஐந்து பேர், ஐந்து சைரன். எனக்கு உள்ளே கொண்டாட்டம். "பாத்தீங்களா சேர்? இங்க என்னமோ நடக்குது!" என்றேன். பின்னால் குமுதா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

ஆறாவதாக அம்மா கூடையை வைத்தார். ஃபோன் தன் முழு மூச்சையும் சேர்த்து ஊதியது. காலையில் இருந்ததைப்போல் இரண்டு மடங்கு. திரை முழுக்கச் சிவப்பு. அதில் கொட்டை எழுத்தில்:

சந்தேக நபர்: மாரியாயி.

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் என் முப்பது வயதும் கரைந்து அரைக்காற்சட்டைக்குப் போய்விட்டேன்.

குமுதா காதருகே வந்தாள். "ஒங்க அம்மாவுக்கு முழங்கால் வீங்கி ஒரு மாசமாச்சுண்ணே. ஏத்தத்துல ஏற முடியல. கொழுந்து கொறைஞ்சா அரைப்பேர், அரை நாள் சம்பளந்தான் போடுவாங்கன்னு பகல் நிறுவைக்கு எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் அவங்க கூடையில போடுறாங்க. நம்ம தோட்டத்துல யாருக்கு முடியலன்னாலும் இப்புடித்தானே? மறந்துட்டீங்களா?"

மறந்துதான் போயிருந்தேன். நான் வயிற்றிலிருந்தபோதும் அம்மாவின் கூடை அப்படித்தான் நிறைந்ததாம்.

"என்ன நடக்குதுன்னு சொன்னீங்க?" என்றார் மேனேஜர்.

என் வாழ்க்கையில் அதுவரை சொல்லியிராத வார்த்தை வெளியே வந்தது. "பிழை சேர். அவங்க பிழை இல்ல. என் கொடிதான் பிழை."

மேனேஜர் அம்மாவின் முழங்காலில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தார். பிறகு என்னை. "பெத்த தாயையே சந்தேகப்படுற மெஷின் எனக்கு எதுக்கு? அதக் கழட்டிட்டுக் கொண்டு வாங்க."

"கழட்டினது இருக்குங்க சேர்" என்று குமுதா தன் ஃபோனை நீட்டினாள்.

மூன்று மணித் தேநீரின் மர்மம் அப்போதுதான் விளங்கியது. கொடியில்லாத செயலியை அவளும் ரிஸ்வானும் எனக்குத் தெரியாமல் செய்து வைத்திருந்தார்கள். சதி நடந்தது உண்மைதான். தலைவி யார் என்பதில்தான் தவறிவிட்டேன்.

"நாந்தான் ஒங்கிட்ட சொல்ல வேணாம்னேன்" என்றார் அம்மா. "முழங்கால் வீங்கினது தெரிஞ்சா வேலைய விடச் சொல்லி உசிர வாங்குவ. இப்ப ஊருக்கே ஊதிட்டியே, பாவி!"

மடுவமே சிரித்தது. மேனேஜர் கொடியில்லாத செயலியை எடுத்துக்கொண்டார். மேசைகள் பிழைத்தன. அடுத்த வாரம் அம்மாவை நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். இப்போது அவர் ஹட்டனில் என்னோடும் என் மனைவியோடும் இருக்கிறார். நான் புதிதாக எதைச் சொன்னாலும் குமுதா கேட்பது ஒரே கேள்வி: "அம்மாகிட்ட கேட்டீங்களா?" கேட்டுவிட்டுத்தான் தொடங்குகிறேன்.

சாப்பிடும்போது மனைவி தன் தட்டிலிருந்து ஒரு துண்டு மீனை எடுத்து அம்மாவின் தட்டில் வைப்பாள். நானும் ஒன்று வைப்பேன். அம்மா குவிந்த தட்டைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், பிறகு வாயாலேயே சைரன் ஊதுவார். "சந்தேக நபர், மாரியாயி!" என்று தானே அறிவித்துவிட்டு, ஒரு துண்டைக்கூடத் திருப்பிக் கொடுக்காமல் சாப்பிட ஆரம்பிப்பார்.