தொலைநோக்கியின் இடது பக்கம் குறித்துச் சம்பந்திக்கு ஒரு விளக்கம்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கும் சம்பந்தி அம்மாவுக்கும் பணிவான வணக்கம். இங்கே நானும் என் மனைவியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே உங்கள் இரத்த அழுத்தமும், சம்பந்தி அம்மாவின் முழங்கால் வலியும், மாடியில் புதிதாகக் கட்டிய அறையின் ஒழுகலும் ஓரளவு மட்டுப்பட்டிருக்கும் என்று நம்புகிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்தது. உங்கள் மகனும் என் மகளும் வேலை செய்யும் இடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் ஆளுக்கொரு மூலையில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டதை உங்கள் தங்கையின் மைத்துனர் கண்ணால் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான். வீட்டிலும் இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை என்று கேள்விப்பட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அதுவும் உண்மையாகத்தான் இருந்தது. ஆகவே உங்கள் அண்ணனையும், வக்கீல் நண்பர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வண்டி ஏறப் போவதாக முடித்திருக்கிறீர்கள். சம்பந்தி, தயவுசெய்து ஏறாதீர்கள். தப்பு உங்கள் மகன் மீதும் இல்லை, என் மகள் மீதும் இல்லை. எல்லாவற்றுக்கும் காரணம் இடது பக்கம். பொறுமையாகப் படியுங்கள், சொல்கிறேன்.

நான் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளனாக இருந்து ஓய்வு பெற்றவன் என்பது உங்களுக்குத் தெரியும். வண்டி தாமதம் என்று சொல்வதுதான் என் பிழைப்பு. ஏன் தாமதம் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. மகள் வீட்டுக்கு வந்த பிறகுதான் ஒரு காரியம் எப்படித் தாமதமாகிறது என்பதை வேரிலிருந்து பார்க்கும் பாக்கியம் கிடைத்தது. ஊருக்கு வெளியே குன்றின் மேல் ஒரு பெரிய தொலைநோக்கி கட்டுகிறார்கள் அல்லவா, அதற்குள் இருப்பது வட்டமான ஒரு கண்ணாடி. சின்ன வீட்டுக் கூரை அளவு இருக்கும். அதைத் தேய்த்து மெருகேற்றுகிற கூட்டத்துக்குத் தலைவி என் மகள். அதைத் தாங்கிப் பிடிக்கிற இரும்புத் தொட்டிலைச் செய்கிற கூட்டத்துக்குத் தலைவர் உங்கள் மகன். இரண்டு கூட்டத்துக்கும் எதிரெதிரே இரண்டு கட்டடம், நடுவில் ஒரு சாலை. சாலையைக் கடப்பதற்குள் ஒரு தும்மலைக்கூட முழுதாகத் தும்மி முடிக்க முடியாது. ஆனால் ஒருவரும் கடப்பதில்லை. ஏதாவது கேட்க வேண்டுமென்றால் மின்னஞ்சல் அனுப்புவார்கள். அதன் நகல் ஊரிலுள்ள அத்தனை பேருக்கும் போகும், பதில் மட்டும் வராது.

கண்ணாடியின் விளிம்பில் ஒரு பள்ளம், தொட்டிலில் ஒரு முளை. முளை பள்ளத்தில் உட்கார்ந்தால்தான் கண்ணாடி அசையாமல் நிற்கும். இரண்டையும் இடது பக்கத்தில் வைப்பது என்று ஆரம்பத்திலேயே இரண்டு கூட்டமும் கைகுலுக்கி முடிவு செய்தார்கள். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, அப்படியே செய்தும் விட்டார்கள். கண்ணாடிக்காரர்கள் கண்ணாடியை முன்னால் நின்று பார்க்கிறவர்கள். தொட்டில்காரர்கள் பின்னால் நின்று பார்க்கிறவர்கள். அவரவர் இடது பக்கத்தில் அவரவர் வேலையை மயிரிழை பிசகாமல் செய்து முடித்தார்கள். முடித்த பிறகு ஒருநாள் யாரோ இரண்டு வரைபடங்களையும் தெரியாத்தனமாக ஒரே மேசையில் போட்டுவிட்டார். பள்ளம் ஒரு பக்கம், முளை மறுபக்கம்.

இந்தத் திட்டத்துக்கு ஓர் இயக்குநர் இருக்கிறார். எந்தக் கேள்வியையும் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைப்பார் என்பதால் எல்லோரும் அவரை ஒத்திவைப்பு ஐயா என்றே அழைக்கிறார்கள். தங்கமான மனிதர். அவர் உடனே ‘இடது நிர்ணயக் குழு’ என்று ஒன்றை அமைத்தார். குழுவில் யார் யார் இடது பக்கம் உட்காருவது என்று தகராறு வந்தது. அதைத் தீர்க்க ஒரு துணைக்குழு போட்டார். துணைக்குழு இனிமேல் வட்ட மேசைதான் வேண்டும் என்று பரிந்துரை செய்தது. வட்ட மேசை வந்து இறங்கியபோது அறைக் கதவுக்குள் நுழையவில்லை. அதனால் மேசை வராந்தாவில், குழு உள்ளே.

இது வேலையிடத்தோடு நின்றிருக்கலாம். நம் பிள்ளைகள் இரண்டு பேரும் பொறுப்பானவர்கள் இல்லையா, வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். ஒருநாள் சாப்பிடும்போது உங்கள் மகன் சாதாரணமாக, “இடது பக்கம் இருக்கிற உப்பை இப்படித் தள்ளேன்” என்றார். என் மகள் கையை மேசைக்கு நடுவில் அப்படியே நிறுத்திக்கொண்டு, “யாரோட இடது?” என்று கேட்டாள். “உப்புக்கு எதுக்கு இப்போ யாரோட இடதுன்னு…” “அதைத்தான் நாங்களும் முதல்லேருந்து கேக்கறோம்!” அன்று நாங்கள் நால்வரும் உப்பில்லாமல் சாப்பிட்டோம். அடுத்த வாரம் காரில் போகும்போது அவள் “இடது பக்கம் திரும்புங்க” என்றாள். அவர் வீம்புக்கு, காருக்குப் பின்னாலிருந்து பார்ப்பவரின் இடதா, முன்னாலிருந்து பார்ப்பவரின் இடதா என்று யோசித்துக்கொண்டே பக்கத்து வீட்டுப் பல் வைத்தியரின் பூச்செடிகளுக்குள் நேராகப் போய் நின்றார். அன்றிலிருந்துதான் பேச்சு வார்த்தை நின்றது. என் மனைவி அடுத்த நாளே எல்லாத் தட்டுகளையும் ஒரே வரிசையில் வைத்து, எல்லோரும் சுவரைப் பார்த்துச் சாப்பிடும்படி செய்துவிட்டாள். “சுவருக்கு எந்தக் கட்சியும் இல்ல” என்றாள்.

அப்புறம் நான்தான் நடுவில். “அப்பா, முளையை அறுத்துட்டுப் புதுசா வைக்கச் சொல்லுங்க உங்க மாப்பிள்ளையை. அவருக்கு மூளைன்னு ஒண்ணு இருந்தா அதைச் செய்வார்” என்பாள் மகள். சம்பந்தி, மாப்பிள்ளையிடம் ஒரு மாமனார் இதை எப்படிச் சொல்வது? என் வேலையும் எனக்கு அப்படிப் பழக்கவில்லை. தடம் புரண்ட வண்டியைக்கூட ‘சற்றுத் தாமதமாக வரும்’ என்று சொல்லித்தான் எனக்குப் பழக்கம். அதனால், “மாப்பிள்ளை, உங்க மூளையை அவ ரொம்ப மெச்சிக்கிறா” என்று சொல்லிவைத்தேன். அவர் கொஞ்சம் திகைத்து, “அவங்க பள்ளத்தைத் தூர்த்தா என் தொட்டில்ல அவங்களையே படுக்க வெச்சுத் தாலாட்டறேன்னு சொல்லுங்க மாமா” என்றார். நான் மகளிடம் போய், “அவர் உன்னைத் தாலாட்டத் தயாரா இருக்கார்மா” என்றேன். அவள் காதெல்லாம் சிவந்துவிட்டது.

இரண்டு தரப்போடும் பேசுகிற ஒரே ஆள் நான்தான் என்ற செய்தி குன்று முழுக்கப் பரவிவிட்டது. இரண்டு கூட்டத்து ஆராய்ச்சியாளர்களும் எங்கள் வீட்டு வாசலில் வரிசையில் நின்றார்கள். ஒத்திவைப்பு ஐயா என்னை வரவழைத்து, இரண்டு கட்டடங்களுக்கும் நடுவில் சாலையோரத்தில் ஒரு நாற்காலியும், ஒரு குடையும், பழைய பழக்கத்துக்காக ஓர் ஒலிபெருக்கியும் கொடுத்து உட்கார்த்திவைத்தார். காலையில் போனால் மாலைவரை அங்கேதான். இந்தப் பக்கத்து வசவை வாங்கி, அழுக்கெடுத்து, அந்தப் பக்கம் கொடுப்பேன். அந்தப் பக்கத்து வசவை இந்தப் பக்கம். விளைவு என்ன தெரியுமா? கண்ணாடிக்காரர்கள் தொட்டில்காரர்கள் ஒப்புக்கொண்டுவிட்டதாக நினைத்தார்கள். தொட்டில்காரர்கள் கண்ணாடிக்காரர்கள் இறங்கிவந்துவிட்டதாக நினைத்தார்கள். இரண்டு பேரும் எதையும் மாற்றாமல், கண்ணாடியைத் தூக்கித் தொட்டிலில் வைக்க நாள் குறித்துவிட்டார்கள்.

அன்றைக்கு நான் பட்ட பாட்டை என் விரோதியும் படக் கூடாது. குன்றின் மேல் பெரிய கூடம், இரண்டு பக்கமும் கதவுகள் திறந்து காற்று அடித்துக்கொண்டிருக்கிறது. திட்டத்தைத் தொடரலாமா இழுத்து மூடிவிடலாமா என்று முடிவு செய்ய அரசாங்கத்திலிருந்து ஒரு மேலதிகாரி வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். பாரந்தூக்கியின் ஒற்றைக் கொக்கியில் கண்ணாடி அந்தரத்தில் தொங்குகிறது. அது சுற்றாமல் இருக்க நாலு பக்கமும் கயிறு. இரண்டு கயிறு அவர்கள் கையில், இரண்டு இவர்கள் கையில். “இடது பக்கம் திருப்பு!” என்று இரண்டு கூட்டமும் ஒரே குரலில் கத்தினார்கள். நான் பார்த்து இவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு வாக்கியத்தில்தான். இவர்கள் இந்தப் பக்கம் இழுக்க, அவர்கள் அந்தப் பக்கம் இழுக்க, கண்ணாடி நடுவில் நடுங்கியது.

“அப்பா, அவரைக் கயித்தை விடச் சொல்லுங்க, உடைஞ்சிடும்ப்பா!” என்றாள் மகள். அவள் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதே இல்லை. அந்தக் கண்ணாடிக்காகச் சாப்பாடு, தூக்கம், தலைவாரல் எல்லாவற்றையும் விட்டவள் அவள். “மாமா, முதல்ல அவங்களை விடச் சொல்லுங்க, தொட்டில் நசுங்கிடும்!” என்றார் உங்கள் மகன். அவர் முகத்திலும் ரத்தமே இல்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒலிபெருக்கி என் கையில். யாருக்காகப் பேசினாலும் ஒரு பிள்ளையின் உழைப்பு போச்சு. எனக்குப் புத்தி கலங்கி, முப்பது வருஷமாக ஊறிப்போன ஒன்று தானாக வெளியே வந்தது.

“பயணிகளின் கனிவான கவனத்திற்கு. தவிர்க்க முடியாத காரணங்களால் இந்த நிகழ்ச்சி காலவரையின்றித் தாமதமாகும். உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம்.”

சம்பந்தி, படித்தவர்களானாலும் மனிதர்கள்தானே. எத்தனை நடைமேடைகளில் காத்திருந்திருப்பார்கள்! அந்தக் குரலைக் கேட்டதும் அத்தனை பேரும் பெருமூச்சு விட்டார்கள். கயிறுகளைக் கீழே போட்டார்கள். பெட்டிகளின் மேல் சாய்ந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் செய்தித்தாளை விரித்தார், ஒரு கும்பல் தேநீர் குடிக்கக் கிளம்பியது. மேலதிகாரி எழுந்து கழிப்பறை எங்கே என்று கேட்டார். “இடது பக்கம்” என்று இரண்டு பேர் இரண்டு திசையில் கையைக் காட்டினார்கள். அவர் வெகுநேரம் வரவில்லை.

பிடிக்க ஆளில்லாத கண்ணாடி காற்றில் மெதுவாகத் திரும்பத் தொடங்கியது. அதை முதலில் பார்த்தவள் என் மகள். மூச்சு விட்டால் நின்றுவிடுமோ என்று அவளுக்குப் பயம். பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் கையைப் பிடித்துக்கொண்டாள். பார்த்தால் அது உங்கள் மகனின் கை. எந்தக் கை என்று நான் கவனிக்கவில்லை, கவனித்திருந்தாலும் எழுத மாட்டேன். கண்ணாடி பாதி வட்டம் திரும்பி, பள்ளம் முளைக்கு நேராக வந்தபோது காற்று நின்றது. என் அறிவிப்பைக் கேட்ட பாரந்தூக்கி ஓட்டுநர் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவருடைய முழங்கை, பாரத்தை இறக்கும் பிடியின் மேல் சாய்ந்தது. கண்ணாடி பூப்போல இறங்கி, தொட்டிலில் ‘டக்’ என்று உட்கார்ந்தது.

வட்டமான பொருளைப் பாதி சுற்றித் திருப்பினால் போதும் என்பது அத்தனை நாளும் அத்தனை தலைகளில் ஒன்றுக்கும் தோன்றவில்லை என்று நினைக்காதீர்கள். இருவருக்கும் தோன்றியிருந்ததாம். ஆனால் முதலில் சொன்னவர் தோற்றதாக ஆகிவிடுமாம். இப்போது யாரும் சொல்லாமலே நடந்துவிட்டதால், “பாத்தீங்களா, எங்க இடதுதான்!” என்று இரண்டு கூட்டமும் குதித்தன. கழிப்பறையைக் கண்டுபிடித்துத் திரும்பிய மேலதிகாரி கண்ணாடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, ‘ஒருங்கிணைப்புக்கு இத்திட்டம் ஓர் உதாரணம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். இடது நிர்ணயக் குழுவைக் கலைக்கவில்லை, அதற்குத் தனிக் கட்டடம் வருகிறது. பெருந்திட்டங்கள் எப்படி வெற்றி பெறுகின்றன என்று என்னையே ஒரு சொற்பொழிவு ஆற்றச் சொன்னார்கள். நல்லவேளையாக ஒத்திவைப்பு ஐயா அதை ஒத்திவைத்துவிட்டார்.

வீட்டிலும் அப்படியே. இருவரும் வென்றவர்கள் என்பதால் இருவருக்கும் தாராள மனசு. ஒரே காரில் போகிறார்கள், ஒரே காரில் வருகிறார்கள். சாப்பாட்டு மேசையில் அவர்கள் பேசுகிற பேச்சில் எனக்கு ஒரு வார்த்தை நுழைக்க இடமில்லை. நேற்று உங்கள் மகன் அவளுக்கு உப்பை எடுத்துக் கொடுத்தார். அவள் கேட்கக்கூட இல்லை. ஆகவே பயணச்சீட்டை ரத்து செய்துவிட்டு, அண்ணன் அவர்களை ஓய்வெடுக்கச் சொல்லுங்கள். வக்கீல் நண்பருக்கு என் மரியாதையைச் சொல்லி, அவரை வேறு யாருடைய வீட்டுக்காவது அனுப்பிவையுங்கள்.

சம்பந்தி அம்மாவுக்கு என் மனைவி தன் அன்பைத் தெரிவிக்கச் சொன்னாள். உங்கள் இல்லத்தில் எல்லா வண்டிகளும் உரிய நேரத்தில் வந்து சேர வேண்டும் என்று வாழ்த்தி முடிக்கிறேன்.

என்றும் உங்கள் அன்புள்ள,
சம்பந்தி

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப் போகும்போது இருவரும் வேலை முடிந்து வந்தார்கள், தனித்தனிக் காரில். தொலைநோக்கி எடுத்த முதல் படம் இன்று வந்ததாம். நிலவு நன்றாகத்தான் விழுந்திருக்கிறது, ஆனால் தலைகீழாக. கண்ணாடி சரி, தொட்டில்தான் கவிழ்ந்திருக்கிறது என்கிறாள் என் மகள். தொட்டில் சரி, கண்ணாடிதான் என்கிறார் உங்கள் மகன். ஒத்திவைப்பு ஐயா ‘மேல் நிர்ணயக் குழு’ அமைத்துவிட்டார், அதில் நிலவின் சார்பில் பேசப்போவது யார் என்று இப்போதே இழுபறி. சமையலறையிலிருந்து “அப்பா, உங்க மாப்பிள்ளைகிட்ட சொல்லுங்க” என்று குரல் கேட்கிறது. எனக்குத் தொண்டை கட்டிவிட்டது, சம்பந்தி. ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்காமல் கிடைக்கிற வண்டியில் ஏறுங்கள். அண்ணனும் வரட்டும். வக்கீலை மறந்துவிடாதீர்கள். நிலையத்தில் இறங்கியதும் வெளியே போகும் வழி எந்தப் பக்கம் என்று யாரிடமும் கேட்காதீர்கள். இறங்கிய இடத்திலேயே நில்லுங்கள். நான் வந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகிறேன்.