தாட்சண்யம் பார்க்காமல் கிழிக்கவும்

"எனக்குப் பாராட்டெல்லாம் வேண்டாங்க. பேரும் வேண்டாம். கதையில குறை இருந்தா தாட்சண்யம் பார்க்காம கிழிச்சுத் தொங்கவிடுங்க. நான் வாயே திறக்க மாட்டேன்."

இப்படி ஒருவர் சொன்னால், வாசகரே, அங்கேயே நில்லுங்கள். முகத்தில் ஒரு புன்னகையை வரவழைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், பின்பக்கமாகவே மெல்ல நடந்து வெளியேறிவிடுங்கள். உங்கள் முன்னால் நிற்பவர் 'கிழிபடு விரும்பி' என்னும் இனத்தைச் சேர்ந்தவர். அரிய இனம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்களே, என்ன செய்வது?

முன்பெல்லாம் இந்த இனம் தனித்தனியாக வாழ்ந்துவந்தது. கதையை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் தூங்குகிறாரா, தூங்குவதுபோல் நடிக்கிறாரா என்று நோட்டம் பார்த்துக்கொண்டே திரியும். மாட்டிக்கொண்டவர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் தப்பிக்க வழி இருந்தது. இணையம் வந்து இவர்கள் அத்தனை பேரையும் ஒரே தொழுவத்தில் கட்டிப்போட்டு, அதற்குக் 'கதை விமர்சனக் குழு' என்று பெயரும் வைத்துவிட்டது. அப்படியொரு குழுவை நடத்தும் வேண்டாத வேலையை நானே செய்துகொண்டிருப்பதால், பின்வரும் ஆராய்ச்சி பாதி கண்ணால் கண்டது, பாதி ஃபோனில் கேட்டது.

எங்கள் நடைமுறை எளிது. வாரம் ஒருவர் முறை. திங்களன்று அவர் கதையைப் போடுவார். மற்றவர்கள் படித்துவிட்டு மனதில் பட்டதைச் சொல்வார்கள். ஞாயிறு வரை எழுதியவர் மூச்சுவிடக் கூடாது. ஞாயிறன்று அவருக்கு அனுமதிக்கப்பட்ட சொல் ஒன்றே ஒன்று: நன்றி. இதற்கு மௌன விதி என்று பெயர். குழுவில் சேரும் எவரும் இந்த விதியைப் படித்ததும், ஆகா, என்ன நாகரிகம் என்று நெகிழ்ந்துபோவார்கள்.

தங்கள் முறை வரும்வரை.

முறை வந்ததும் கிழிபடு விரும்பி என்ன செய்யும்? கதைக்கு முன்னால் ஒரு முன்னுரை போடும்: காய்ச்சலோடு எழுதியது, நடுவில் கரண்ட் போய்விட்டது, இதெல்லாம் ஒரு கதையா என்று எனக்கே தோன்றுகிறது. பிறகு ஃபோனை மேசைமேல் கவிழ்த்து வைக்கும். நிமிர்த்திப் பார்க்கும். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணும். யாரும் எதுவும் சொல்லாவிட்டால், "எல்லாருக்கும் வந்து சேர்ந்ததா?" என்று அப்பாவியாகக் கேட்கும். "ரெண்டாம் பத்தி புரியல" என்று யாராவது சொல்லிவிட்டாலோ, உள்ளே ஒரு கதவு அறைந்து சாத்தப்படும் சத்தம் நமக்கே கேட்கும்.

நான் காட்டப்போகும் மாதிரி, ஒரு மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர். கடைக்குள் போனால் சுவரில் பெரிதிலிருந்து சிறிதாக இறங்கும் எழுத்துப் பலகை. உயரமான நாற்காலி. மூக்கின்மேல் ஒரு கனமான இரும்புக் கூட்டை மாட்டி, அதில் வில்லை வில்லையாகச் செருகி, "இது தெளிவா, முன்னது தெளிவா?" என்று கேட்பார். என்ன பொறுமை என்கிறீர்கள்! "மங்கலா இருக்குங்க" என்று யார் சொன்னாலும் மறுபேச்சு கிடையாது. கழற்றிவிட்டு வேறு போடுவார். மங்கல் வில்லையில் இல்லை, நீங்கள் பார்க்கிற விதத்தில்தான் கோளாறு என்று அவர் ஒரு வாடிக்கையாளரிடமும் சொன்னதில்லை. இதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

தலைமுடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து எழுதுகிறவர். ஆனால் தன் பெயரை அச்சில் பார்த்தது கடையின் ரசீதுப் புத்தகத்தில் மட்டும்தான். குழு சார்பில் ஒரு புத்தகம் வரப்போகிறது, உறுப்பினர்கள் வாக்களித்துக் கதைகளைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று நான் அறிவித்ததும் அவர் சேர்ந்தார். சேர்ந்த கையோடு எழுதியதுதான் மேலே இருக்கும் வீர உரை. எங்களுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்தப் புத்தகத்தில் இடம்பிடிக்க மனுஷர் எதையும் செய்வார் என்பது அவரைத் தவிர எல்லாருக்கும் தெரிந்துதான் இருந்தது.

முறை வந்தது. கதையும் வந்தது. முதல் நாலு பக்கம் மழை. ஐந்தாம் பக்கத்தில் ஒருவர் தூங்கி எழுந்து ஜன்னலைத் திறக்கிறார். வெளியே என்ன? மழை. அவர் மறுபடி படுத்துவிடுகிறார். கதை முடிகிறது.

எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் உண்டு. விடைத்தாள் திருத்தும் கை இன்னும் ஓயவில்லை. "முதல் நாலு பக்கத்தை எடுத்துட்டா நல்லா இருக்கும். மீதியில மழையை எடுத்துட்டா இன்னும் நல்லா இருக்கும்" என்று எழுதினார். மற்றவர்களும் ஏறக்குறைய அதையே, கொஞ்சம் மஞ்சள் தடவிச் சொன்னார்கள்.

கண்ணாடிக் கடைக்காரர் சொன்ன சொல் தவறவில்லை. வாயே திறக்கவில்லை. குழுவில். எனக்குத் தனியாக அனுப்பினார்: "பதில் சொல்லலை சார், சும்மா தகவலுக்கு." அந்தத் தகவல் கதையைவிட நீளம். மழைதான் கதாநாயகன் என்றார். ஆள் மறுபடி படுத்துவிடும் இடத்தை வேண்டுமென்றேதான் அப்படி வைத்தேன் என்றார். இரண்டாவது தடவை படித்தால் புரியும் என்றார். முதல் தடவையே முடியாமல் பாதியில் எழுந்துபோனவர்களை என்ன செய்வது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. குழுவே ஒரே குரலில் மங்கல் என்கிறது. அவரோ, குழுவுக்கே பார்வைக் கோளாறு என்ற முடிவுக்கு வந்துவிட்டார்.

மறுநாள் குழுவில் புதிதாக ஒருவர் சேர்ந்தார். தொழில் பிளம்பர் என்றும், இலக்கியம் தன் உயிர் என்றும் அறிமுகப்படுத்திக்கொண்டு, மூச்சு வாங்காமல் நேராக மழைக் கதைக்குள் இறங்கினார். மழை என்பது நாயகனின் தாயைக் குறிக்கிறதாம். நாலாம் பத்தியில் கூரை ஒழுகுவது அந்தத் தாயின் கண்ணீராம். கதையில் தாயே கிடையாது. ஒழுகலைக் கண்டதும் அடைக்கத் தோன்றாமல் அர்த்தம் தோன்றிய முதல் பிளம்பர் உலகத்தில் இவர்தான்.

யார் இவர்? கண்ணாடிக் கடைக்காரரின் மச்சினன். மனைவியின் தம்பி. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு தண்ணீர்த் தொட்டியின் விலைப்பட்டியலைத் தவிர எதையும் முழுதாகப் படித்திராதவர். "மாமா ஃபோனைக் கேட்டாரு, குடுத்தேன் சார். ரொம்ப நேரம் கழிச்சுத் திருப்பிக் குடுத்தாரு. சார்ஜ் போடுறாருன்னு நெனச்சேன்" என்று பிற்பாடு என்னிடம் சொன்னார்.

ஞாயிறு வந்தது. கண்ணாடிக் கடைக்காரர் விதிப்படி நன்றி என்றார். விதியை மீறி, "குறிப்பாக, கதையின் ஆழத்தைக் கண்ட புதிய நண்பருக்கு" என்றும் சேர்த்துக்கொண்டார். தன் முதுகைத் தானே தட்டிக்கொள்வது கஷ்டம் என்பார்கள். மச்சினன் கையைக் கடன் வாங்கினால் சுலபம்.

அந்த வாரம் தலைமையாசிரியை கண் பரிசோதனைக்கு அவர் கடைக்கே போயிருக்கிறார். வில்லை செருகப்பட்டது. மங்கல் என்றார் அம்மையார். உடனே வேறு வில்லை. இரும்புக் கூட்டை மூக்கில் சுமந்தபடியே அவர் கேட்டாராம்:

"நான் ஒரு வார்த்தை சொன்னதும் கழட்டிட்டீங்க. கதைக்கு மட்டும் என் கண்ணு மேல நம்பிக்கை இல்லையா?"

"இது தெளிவா இருக்கா மேடம்?" என்றாராம் இவர்.

இத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் மனுஷர் ஒன்றை மறந்துபோனார். குழுவில் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் முறை வரும். பிளம்பருக்கும் வந்தது. கதை போடாதவரின் பெயரை நான் நீக்கிவிடுவேன். நீக்கிவிட்டால், மழைக் கதைக்கு அவருடையதைத் தவிர உலகத்தில் இருக்கும் ஒரே வாக்கு போய்விடும்.

பள்ளிகள் திறக்கும் சமயம். கடை முழுக்கக் கண்ணைக் கசக்கும் பிள்ளைகளும் கடிகாரத்தைப் பார்க்கும் பெற்றோரும். உட்கார்ந்து மழை பெய்யவைக்க நேரம் ஏது? முந்தின நாள் சாப்பாட்டு மேசையில் மச்சினன் சொன்ன சம்பவம் ஒன்று கைவசம் இருந்தது. ஒரு வீட்டில் சமையலறைக் குழாயைச் சரிசெய்யப் போனாராம். பக்கத்து அறையில் புருஷன் பெண்டாட்டி சண்டை. இவர் குழாயைத் தட்டினால் சண்டை நிற்கிறது. தட்டுவதை நிறுத்தினால் தொடங்கிவிடுகிறது. வேலை முடிந்த பிறகும் பாவம் என்று சும்மாவே தட்டிக்கொண்டிருந்தாராம். கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து வந்து, "என்னப்பா இவ்ளோ சத்தம்?" என்று ஒரே குரலில் திட்டினார்களாம். கண்ணாடிக் கடைக்காரர் இதை அப்படியே, கல்லாவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, ஒரு வாடிக்கையாளருக்கும் அடுத்தவருக்கும் நடுவில் அடித்து முடித்து, மச்சினன் பெயரில் தள்ளிவிட்டார். இரண்டே பக்கம்.

குழு துள்ளிக் குதித்தது. ஒரு வரியைக்கூட எடுக்க முடியாது என்று தலைமையாசிரியையே எழுதினார். இத்தனை நாள் இந்தத் தம்பி எங்கே ஒளிந்திருந்தார் என்று கேட்டார். மழைக் கதை எழுதியவர் இவரிடம் நாலு விஷயம் கற்றுக்கொள்ளலாம் என்றும் பரிந்துரைத்தார். யோசித்துப் பாருங்கள். ஆயுள் முழுக்கக் காத்திருந்த மாலை வந்து பக்கத்து வீட்டுக் கழுத்தில் விழுகிறது. எங்கள் குழுவின் வரலாற்றிலேயே மௌன விதியை முழுசாகக் கடைப்பிடித்தவர் அந்த வாரம் அவர்தான். ஒரே ஒரு தடவை, தாங்கமாட்டாமல், தன் சொந்தப் பெயரில் வந்து ஒரு விமர்சனம் வைத்தார்: "நன்று. கொஞ்சம் மழை இருந்திருக்கலாம்."

வாக்கெடுப்பு நடந்தது. குழாய்க் கதை புத்தகத்துக்குத் தேர்வானது. மழைக் கதைக்கு விழுந்த வாக்குகள் இரண்டு. யார் யாருடையவை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எழுதியவரின் பெயரும் படமும் வேண்டும் என்று குழுவில் போட்டேன். அன்று சாயங்காலமே பிளம்பர் ஃபோன் செய்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"ஸ்டூடியோவுல போட்டோவே எடுத்துட்டேன் சார், தாடையில கை வெச்சு. அக்கா திட்டுது. சம்பவம் என்னுது, எழுத்து மாமாவுது. என்ன சார் பண்றது?"

"மாமா என்ன சொல்றாரு?"

"பேர்ல என்னடா இருக்கு, எழுத்து நின்னா போதும்ங்கிறாரு. சொல்லிட்டுத் தட்டைத் தள்ளிட்டு எழுந்து போயிட்டாரு."

அச்சகம் கேட்கும் கடைசி நாள்வரை பேசாமல் இருக்கும்படி அவரிடம் சொல்லிவிட்டு, நானும் பேசாமல் இருந்தேன்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நான் கதையே எழுதுவதில்லை, தப்பித்தேன் என்று நினைக்கிறீர்கள். அப்படியா? "இந்தச் சட்டை எனக்கு எப்படி இருக்கு, உள்ளதைச் சொல்லு" என்று கேட்டுவிட்டு, உள்ளதைச் சொன்னவரிடம் அன்று முழுக்க முகம் கொடுக்காமல் இருந்தது யார்? அலுவலகத்தில், "என்கிட்ட என்ன குறை, மனசுவிட்டுப் பேசுங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டு கேட்டுவிட்டு, மனசுவிட்டவரின் விடுப்பு விண்ணப்பத்தை ஓரமாக வைத்தது யார்? பெயர் சொல்ல மாட்டேன். கண்ணாடி அருகில் இருந்தால் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் குறை தெரிந்தாலும் தாராளமாக எழுதுங்கள். தாட்சண்யமே வேண்டாம். நான் வாயே திறக்க மாட்டேன்.

அச்சகத்தின் கடைசி நாள் வந்தது. மத்தியானம் என் ஃபோனுக்கு ஒரு படம் வந்தது. கூடவே ஒரு சொல் இல்லை. பக்கம் பக்கமாகத் தகவல் அனுப்பிய அதே கையிலிருந்து ஒரு புள்ளிகூட இல்லை. எழுத்துப் பலகையின் முன்னால், வாடிக்கையாளர் உட்காரும் அந்த உயரமான நாற்காலியில், இஸ்திரி போட்ட சட்டையோடு கண்ணாடிக் கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். தாடையில் கை.

நான் ஒரே ஒரு குறை சொன்னேன்: "மங்கலா இருக்கு."

மறுபேச்சில்லாமல் வேறு படம் வந்தது.