ஜம்முவுக்குப் போன கோட்டு

உலகத்திலேயே மிகவும் தாமதமாகத் துணி கொடுக்கும் தையல்காரரும், உலகத்திலேயே மிகவும் தூரம் போய்த் துணி கொடுத்த தையல்காரரும் ஒரே ஆள்தான். அவர் ராயப்பேட்டையில், எங்கள் சந்தில், என் வீட்டுக்கு நேர் எதிரே கடை வைத்திருக்கிறார். அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் என்னவென்று எனக்குத் தெரியாது, பிள்ளைகளே. கரண்ட் ரீடிங் எடுக்க வருகிறவருக்கே தெரியாது என்று நினைக்கிறேன். எல்லோருக்கும் அவர் அப்பாலிக்கா பாய்.

வேறு ஊர்ப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். அப்பாலிக்கா என்றால் எங்கள் பேச்சில் அப்புறம், பிறகு என்று அர்த்தம். பாய் வாயில் மட்டும் அதற்கு அர்த்தமே கிடையாது.

"பாய், என் சட்டை?"

"அப்பாலிக்கா வா நைனா."

"அப்பாலிக்கான்னா எப்போ?"

"இப்போ இல்ல. அதான்."

ஒன்றாம் வகுப்புக்கு யூனிபார்ம் தைக்கக் கொடுத்த ஒரு பெண், நாலாம் வகுப்பில் அதை வாங்கித் தன் தங்கச்சிக்குப் போட்டுவிட்டது. ஒரு அம்மா வளைகாப்புக்குக் கொடுத்த ஜாக்கெட்டை அந்தக் குழந்தையின் காதுகுத்துக்குப் போட்டுக்கொண்டார். அப்படியும் ஏன் அவரிடமே கொடுக்கிறோம் என்று கேட்பீர்கள். அவர் தைத்தால் உடம்பில் ஊற்றி எடுத்த மாதிரி இருக்கும். அதனால் திட்டிக்கொண்டே கொடுப்போம்.

அவரிடம் இன்னொரு விசேஷம் உண்டு. என்ஜின் வைத்த எதிலும் ஏற மாட்டார். ஏறினால் வயிறு புரட்டிவிடும். ஒருமுறை விருந்துக்காக பெசன்ட் நகருக்கு பஸ்ஸில் கிளம்பினார். மயிலாப்பூர் தாண்டுவதற்குள் கண்டக்டரே விசில் அடித்து பஸ்ஸை நிறுத்தி, கையைப் பிடித்து இறக்கி, யாரோ ஒரு அம்மாவின் பையிலிருந்து எலுமிச்சம்பழம் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாராம். ஆகவே பாய்க்கு எல்லாமே சைக்கிள்தான். டபுள் பார் போட்ட பழைய சைக்கிள். அதில் பெல் கிடையாது. "பெல்லு! பெல்லு!" என்று வாயாலேயே கத்திக்கொண்டு போவார்.

எங்கள் சந்தின் கோடி வீட்டில் கோதண்டம் சார் இருந்தார். போஸ்ட்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். எட்டு வருஷத்துக்கு முன்னால் மூத்த மகள் கல்யாணத்துக்கென்று நீல நிறத்தில் கோட்டுத் துணி வாங்கி பாயிடம் கொடுத்தார். அதுதான் அவர் வாழ்க்கையில் முதல் கோட்டு. பாய் அளவு எடுத்தார். துணியை வெட்டினார். அப்பாலிக்கா என்றார். கல்யாணம் வந்தது, கோட்டு வரவில்லை. ரிசப்ஷன் போட்டோவில் மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் அத்தனை பேரும் கோட்டில் இருக்க, கோதண்டம் சார் மட்டும் வெள்ளைச் சட்டையில், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்பார். அந்தப் போட்டோ அவர் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தது. பாய் அங்கே போனால் அந்தச் சுவர்ப் பக்கம் மட்டும் திரும்பவே மாட்டார்.

போன வருஷம் தீபாவளி முடிந்த வாரம் கோதண்டம் சார் வீட்டைக் காலி செய்தார். அவர் மகனுக்கு ஜம்முவில் ராணுவத்தில் வேலை. அந்த ஊர்ப் பெண்ணையே கட்டிக்கொள்ளப் போகிறான். தை மாதக் கடைசியில் கல்யாணம். அப்பா அம்மா இனிமேல் அங்கேயே அவனோடு. பெட்டிகளை ஆட்டோவில் ஏற்றிவிட்டு சார் பாய் கடைக்கு வந்தார்.

"பாய், ஸ்டேசனுக்குக் கெளம்பிட்டேன். என் துணிய குடுத்துடு."

"அப்பாலிக்கா வா சார்."

"அப்பாலிக்கா ஏது பாய்? நான் ஜம்முக்குப் போறேன். இனிமே இந்தப் பக்கம் வர மாட்டேன்."

பாய் மிஷினை நிறுத்தினார். அந்த வார்த்தைக்கு இப்படி ஒரு பதிலை அவர் அதுவரை கேட்டதே இல்லை.

"கல்யாணம் என்னிக்கு சார்?"

சார் தேதியைச் சொன்னார்.

"அன்னிக்கி உன் மேல கோட்டு இருக்கும். நானே வந்து போட்டு வுடறேன்."

"பக்கத்துத் தெருவுக்கே நீ வந்து குடுத்தது இல்லியே பாய்!" சார் சிரித்துக்கொண்டேதான் ஆட்டோவில் ஏறினார். ஆனால் ஆட்டோ முனை திரும்பும் வரை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

பாய் ஜம்மு போகிறார் என்றதும் சந்தே சிரித்தது. என் மனைவி மட்டும் நல்ல யோசனையாகச் சொன்னாள்: "கொரியர்ல அனுப்பிடு பாய். நாலு நாள்ல போயிடும்."

"கோட்ட அனுப்பலாம் தங்கச்சி. என் மூஞ்ச அனுப்ப முடியுமா? எட்டு வருஷமா அந்த மனுசனாண்ட காட்ட முடியாத மூஞ்சி."

அதற்கு மேல் யாரும் சிரிக்கவில்லை. பாயின் வீட்டுக்காரம்மா மட்டும், "போவட்டும், ரெண்டு மாசம் வாசல்ல ஜாக்கெட்டு சண்டை இல்லாம நான் நிம்மதியா இருப்பேன்" என்றார்.

பயிற்சிக்காக முதல் நாள் இஸ்திரிப் பெட்டியை கேரியரில் கட்டிக்கொண்டு, பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பாலவாக்கம் வரை போனார். காலையில் போனவர் சாயங்காலம் வரை வரவில்லை. போன் போட்டால் கடற்கரை மணலில் படுத்திருக்கிறார்.

"ஜம்மு எவ்ளோ தூரம்னு தெரியுமா பாய்?" என்று கேட்டேன்.

"பாலவாக்கத்துக்கு ஒரு எரநூத்தம்பது தபா போவணும் நைனா. ஒன்னு முடிஞ்சிது."

கிளம்புகிற அன்று பெண்கள் சைக்கிளை மறித்துக்கொண்டார்கள். என் ஜாக்கெட், என் சுடிதார் என்று ஒரே கூச்சல். பாய் எல்லோருக்கும் பொதுவாக ஒரு அப்பாலிக்கா சொன்னார். நான் மெதுவாகக் கேட்டேன், "கோட்ட காட்டு பாய், பாப்போம்." பையைத் திறந்தார். உள்ளே எட்டு வருஷத்துக்கு முன் வெட்டிய நீலத் துண்டுகள் அப்படியே இருந்தன.

"தைக்கவே இல்லியா!"

"வழியில கையால தச்சிக்குவேன். அதான் டைம் கீதே."

"பெல்லு! பெல்லு!" என்று கத்திக்கொண்டு போய்விட்டார்.

அதற்கப்புறம் எங்கள் சந்தின் வாட்ஸ்அப் குரூப்பில் வேறு பேச்சே இல்லை. பாய் ஊர்ப் பெயர் சொல்ல மாட்டார். "எங்க கீற பாய்?" என்றால், "வலது கையில கீறேன்" என்பார். கோட்டின் வலது கையைத் தைத்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். பின்னால் தெரியும் போர்டைப் பார்த்து நாங்களே ஊரைக் கண்டுபிடிக்க வேண்டும். வலது கை ஐதராபாத். இடது கை நாக்பூர். உள்பாக்கெட் ஜான்சி. காலர் ஆக்ரா. என் மகள் சுவரில் இந்தியா படத்தை ஒட்டி ஒவ்வொன்றாகக் குறித்து வைத்தாள். இப்போதும் நாக்பூர் எங்கே என்று கேட்டால் இடது கையைத்தான் நீட்டுவாள்.

லாரிக்காரர்கள் இரக்கப்பட்டு நிறுத்துவார்களாம். பாய் லாரியின் படியைப் பார்த்ததுமே வாயைப் பொத்திக்கொள்வார். பார்த்தவர்கள் பயந்துபோய் அவர்களாகவே கிளம்பிவிடுவார்கள்.

மொழி பற்றி அவருக்குக் கவலையே இல்லை. "நம்ம ராயப்பேட்டை உருது போதும், காஷ்மீர் வரைக்கும் ஓடும்" என்று சொல்லியிருந்தார். நாக்பூர் வரை ஓடியது. அவர்கள் வீட்டு உருதுவில் வேண்டாம் என்பதற்கு நக்கோ என்பார்கள். நாக்பூருக்கு வடக்கே போகப் போக அந்த நக்கோ யாருக்கும் புரியவில்லை. ரோட்டோரத் தாபா ஒன்றில் இருந்து போன் வந்தது.

"நைனா, நக்கோங்கறேன், ரெண்டு ரொட்டி வெக்கறான். இன்னும் சத்தமா நக்கோங்கறேன், நெய் ஊத்தி வெக்கறான். பதினோரு ரொட்டி ஆயிப்போச்சி!"

"கைய ஆட்டு பாய்!"

"ஆட்டனேன். டாட்டா காட்றேன்னு நெனச்சி அவனும் ஆட்டறான்."

டில்லி தாண்டியதும் குளிர். நம் ஊர் மார்கழிக்கே மப்ளர் கட்டுகிறவர் அவர். வீடியோ காலில் பார்த்தால் பல் தந்தி அடிக்கிறது. "அந்தக் கோட்ட போட்டுக்கயேன் பாய்" என்றாள் என் மனைவி.

"கஸ்டமர் கோட்டு தங்கச்சி. அவரு போடறதுக்கு முன்ன இன்னொருத்தர் போடக்கூடாது. அது தொழில் தர்மம்."

சொல்லிக்கொண்டே போர்வையை விலக்கினார். உள்ளே ஒன்றின் மேல் ஒன்றாக நாலைந்து சட்டைகள். மேலே இருந்தது நீலக் கட்டம் போட்டது, காலர் இல்லை. போன ரம்ஜானுக்கு முந்தின ரம்ஜானில் நான் கொடுத்தது!

"பாய், அது என் சட்டை!"

"ஆமா நைனா. உனக்காகத்தான் டிரையல் பாத்துக்கினு கீறேன்."

தர்மம் கோட்டுக்கு மட்டும்தான் போலிருக்கிறது.

பஞ்சாபில் மூடுபனி பிடித்துக்கொண்டது. எதிரே வருகிற மாடுகூடத் தெரியவில்லையாம். பதான்கோட் பக்கம் ஒரு குருத்வாராவில் மூன்று நாள் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த இடத்தில் பொத்தான்வரை தைத்து முடித்தார். அவர் சரித்திரத்தில் முதல்முறையாகத் துணி ரெடி. ஆள்தான் லேட்.

கல்யாண நாள் விடிந்தது. பனி அன்று காலைதான் விலகியது. ஜம்மு இன்னும் நூறு கிலோமீட்டர். ஒன்பது மணிக்கு பாய் ஒரு டீக்கடையில் இருந்து கூப்பிட்டார். அழுதுகொண்டிருந்தார்.

"முடிஞ்சிருக்கும் நைனா. தாலி கட்டி பந்தி போட்டிருப்பாங்க. மறுக்கா அந்த மனுசன் வெறும் சட்டையில நின்னிருப்பாரு."

அவர் அழுது நான் அதுவரை கேட்டதே இல்லை. சாரிடம் நாமாவது ஒரு வார்த்தை சொல்வோம் என்று ஜம்முவுக்குப் போன் போட்டேன்.

"சார், கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுதா? பாய் எவ்ளோவோ முயற்சி பண்ணாரு சார்..."

"இன்னா முடிஞ்சுது? பொண்ணே இன்னும் எழுந்திருக்கல! இங்கெல்லாம் கல்யாணம் காலையில இல்லப்பா. சாயங்காலம் ஊர்வலம், அப்புறந்தான் மத்ததெல்லாம். நானே காலையில நாலு மணிக்கு எழுந்து குளிச்சிட்டு, வேட்டி கட்டிக்கினு தனியா ஒக்காந்துகினு கீறேன்!"

நம் ஊரில் முகூர்த்தம் என்றால் விடியற்காலை. வேறு மாதிரியும் இருக்கும் என்று எங்கள் சந்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் பாயைக் கூப்பிட்டுக் கத்தினேன்: "பாய்! கல்யாணம் சாயங்காலத்துக்கு மேலதான்! மிதி!"

போனில் சைக்கிள் சங்கிலிச் சத்தம் மட்டும் கேட்டது.

சாயங்காலம் சந்தே என் வீட்டில் இருந்தது. ஜாக்கெட் கிடைக்காத பெண்கள்தான் முன்வரிசையில். கோதண்டம் சார் வீடியோ காலில் ஊர்வலத்தைக் காட்டினார். மகன் குதிரை மேல். பேண்டு வாத்தியம். கோட்டுப் போட்ட சம்பந்தி வீட்டார் நடுவே சார் மறுபடியும் வெள்ளைச் சட்டையில். மணி ஏழு. என் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது பேண்டுச் சத்தத்துக்கு மேலே ஒரு குரல்.

"பெல்லு! பெல்லு! நவுரு! பெல்லு!"

நாங்கள் போட்ட கூச்சலில் எங்கள் வீட்டுக் கூரை பறந்துபோகாதது ஆச்சரியம். ஊர்வலத்தைப் பிளந்துகொண்டு சைக்கிள் வந்தது. ஆடிக்கொண்டிருந்தவர்கள் பாயையும் ஆட்டக்காரர் என்று நினைத்து நடுவில் இழுத்து விட்டார்கள். இரண்டு சுற்று ஆடிவிட்டுத்தான் அவரால் சாரிடம் வர முடிந்தது. வந்ததும் பையைத் திறந்தார். கோட்டை விரித்தார். சார் கையை நுழைத்தார். தோள் அச்சு மாதிரி உட்கார்ந்தது.

பொத்தான் போடப் போனால், வயிறு விடவில்லை. அளவு எடுத்து எட்டு வருஷம் ஆகிவிட்டது இல்லையா! இரண்டு பக்கத்துக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. பாய் கழுத்திலிருந்த டேப்பை உருவினார்.

"கழட்டு சார். ரெண்டே நிமிசம். ஓரத்த பிரிச்சி வுட்டுடறேன். பொத்தான மாத்தி..."

சார் அவர் தோளில் கையைப் போட்டார்.

"அதெல்லாம் அப்பாலிக்கா பாத்துக்கலாம் பாய். மொதல்ல சாப்ட வா."

பாய் டேப்பைக் கையில் பிடித்தபடியே சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து, அங்கேயே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்தக் கல்யாணப் போட்டோ இப்போது எங்கள் எல்லோரிடமும் இருக்கிறது. நடுவில் கோதண்டம் சார், பொத்தான் போடாத நீலக் கோட்டில், இரண்டு கையையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு ராஜா மாதிரி. பக்கத்தில் பாய், என் சட்டையில்.

திரும்பியும் சைக்கிளில்தான் வந்தார். ஆடி மாதம் வந்து சேர்ந்தார். போன வேகத்தில் பாதிகூட இல்லை. கேட்டதற்கு, "யாரும் வெயிட் பண்ணலியே நைனா" என்றார். வாசலில் ஜாக்கெட்டுக்காக நின்ற கும்பலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

என் சட்டைக்கு இன்னும் காலர் மட்டும் பாக்கி. தினமும் சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது கடையில் நின்று கேட்கிறேன். அவர் அப்பாலிக்கா என்கிறார். ஸ்டூலைத் தள்ளிப் போடுகிறார். டீ வருகிறது. ஆக்ராவில் காலர் தைத்த கதையை இன்னொரு தரம் சொல்கிறார்.

"வேற டெய்லர்கிட்ட காலர் வெச்சிக்கலாமேப்பா?" என்று என் மகள் கேட்கிறாள்.

வைத்துக்கொள்ளலாம்தான். சட்டை முடிந்துவிட்டால், மறுநாள் சாயங்காலம் நான் என்ன சொல்லிக்கொண்டு அந்தக் கடைக்குப் போவேன்?