தராசு போட்ட ஒன்பது

"அழிச்சிடுங்க! உடனே அழிச்சிடுங்க!"

மனைவி தோளுக்குப் பின்னால் நின்று அலறியபோது, மூக்குக்கண்ணாடிக்கடைக்காரர் அந்தப் படத்துக்குப் பத்துக்கு இரண்டு நட்சத்திரம் போட்டு, விமர்சனத்தையும் அனுப்பி முடித்திருந்தார்.

"எதுக்கு அழிக்கணும்? மனசாட்சிப்படி எழுதியிருக்கேன்."

"உங்க மனசாட்சியில தீயை வைக்க. அந்த நாற்காலிக் காலைப் பாருங்க. நீல டேப் சுத்தியிருக்கா? சுத்தினதே நான்தான். அது எங்க அப்பா வீட்டு நாற்காலி!"

கண்ணாடிக்கடைக்காரர் திரையைப் பெரிதாக்கிப் பார்த்தார். நீல டேப் இருந்தது.

பொழுதுபோக்காகப் படம் எடுப்பவர்கள் சேர்ந்து இணையத்தில் நடத்தும் குழு அது. திங்கட்கிழமை ஆளுக்கு ஒரு படம் அனுப்புவார்கள். வெள்ளிக்கிழமை முடிவு வரும்வரை எந்தப் படம் யாருடையது என்று தெரியாது. நட்சத்திரம் போடுகிறவர் மூன்று வரி எழுதியாக வேண்டும்: ஒரு நிறை, ஒரு குறை, ஒரு யோசனை. பெரும்பாலானவர்கள் 'அருமை, குறையே இல்லை, இன்னும் அருமையாக எடுக்கவும்' என்று எழுதிவிட்டு, தங்கள் படத்துக்கும் அதே அருமை திரும்பி வருமென்று காத்திருப்பார்கள்.

நம்மவர் அந்த ரகம் இல்லை. குழுவில் அவருக்கு 'தராசு' என்று புனைபெயர்; நிஜ ஆள் யாரென்று யாருக்கும் தெரியாது. ஆறுக்கு மேல் யாருக்கும் போட்டதில்லை. ஒருவர் அனுப்பிய அஸ்தமனப் படத்துக்கு மூன்று போட்டு, 'சூரியன் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது, நீங்கள்தான் செய்யவில்லை' என்று எழுதியவர். அந்த ஆள் இப்போது படம் எடுப்பதை விட்டுவிட்டு நீச்சல் கற்றுக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

இந்தப் படத்துக்குத் தராசு எழுதியிருந்தது இதுதான்:

'நிறை: படம் ஒன்று இருக்கிறது. குறை: நாற்காலியின் ஒரு காலைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை, அதுவும் சாய்ந்து கிடக்கிறது, இடப்பக்கம் மஞ்சள் மூட்டம் வேறு, கேமராவைத் துடைக்கிற துணி குறுக்கே வந்து, விரல் பட்டு விழுந்த படம் போலிருக்கிறது. யோசனை: அடுத்தமுறை கேமராவை நாற்காலியிடம் கொடுத்துவிட்டு நீங்கள் உட்கார்ந்துகொள்ளுங்கள்.'

"ஞாயித்துக்கிழமை அப்பா இங்க சாப்பிட வர்றேன்னு சொல்லியிருக்கார். ஒரு வருஷம் கழிச்சு!" மனைவிக்குக் குரல் உடைந்தது. "இதைப் படிச்சா உங்க வாய்தான்னு கண்டுபிடிச்சிடுவார். இனிமே இந்த வாசலை மிதிப்பாரா?"

மிதிக்க மாட்டார். அது கண்ணாடிக்கடைக்காரருக்கும் தெரியும். போன வருஷம் மாமனார் ஆசையாசையாக ஒரு பெரிய தங்க நிற ஃப்ரேமைத் தேர்ந்தெடுத்தபோது, கடை நிறைய ஆட்கள் இருக்கையில், "வேண்டாம் மாமா, ரெண்டு ஜன்னல் வச்ச சுவர் மாதிரி இருக்கு" என்று மனசாட்சிப்படி சொன்னவரும் அவர்தான். மாமனார் பழைய பவர் கண்ணாடியோடேயே வெளியே போனார். அப்புறம் இவரே அதே ஃப்ரேமில் செய்துவைத்த புதுக் கண்ணாடி, ஒரு வருஷமாக இந்த வீட்டு அலமாரியில் தூங்குகிறது. அப்பாவைப் பார்க்க முடியாத ஏக்கத்தில் மனைவி அந்த அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் படாரென்று சாத்துவாள்.

"சரி, மாத்திடறேன்" என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

"பத்து போடுங்க."

"பத்து போட்டா சந்தேகம் வரும். ஒன்பது போடறேன்."

பழைய விமர்சனத்தை எடுத்துவிட்டுப் புதிதாக எழுத உட்கார்ந்தார். பொய் எழுதிப் பழக்கமில்லாதவர் எழுதினால் அளவு தெரியாது. 'நிறை: இந்த நாற்காலி நிற்கவில்லை, யோசிக்கிறது. மஞ்சள் மூட்டம், நினைவின் மூட்டம். மற்ற மூன்று கால்களைக் காட்டாதது துணிச்சல். குறை: என் கண்ணில் படவில்லை. யோசனை: சாய்வைக் கைவிடாதீர்கள்.'

"ரொம்ப ஓவரா இருக்கோ?" என்று கேட்டார்.

"அப்பாவுக்கு இது கம்மி" என்றாள் மனைவி.

தராசு ஒன்பது போட்ட செய்தி குழுவில் காட்டுத்தீயாகப் பரவியது. தராசே ஒன்பது போட்டால் தங்களுக்குத்தான் ஏதோ புரியவில்லை என்று எல்லாரும் பயந்துபோனார்கள். நாலு போட்டவர்கள் பத்தாக மாற்றினார்கள். பல் டாக்டர் ஒருவர், அந்த ஒற்றைக் காலில் மனிதகுலத்தின் தனிமை தெரிவதாக ஒரு கட்டுரையே எழுதினார். வெள்ளிக்கிழமை காலை, படம் முதல் பரிசு வாங்கியது. கீழே மாமனார் பெயர்.

மாமனார் உடனே போன் செய்தார். மனைவி ஸ்பீக்கரில் போட்டாள்.

"பாப்பா! உங்க அப்பன் ஜெயிச்சுட்டான்! தராசுன்னு ஒரு மகான் இருக்கார். என்னமா எழுதியிருக்கார் தெரியுமா? உங்க அம்மாதான் படிச்சுக் காமிச்சா. எனக்கு இந்தக் கண்ணாடியில எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு."

"சந்தோஷம்ப்பா!"

"ஒண்ணுதான் ஆச்சரியம். நான் ரசமட்டம் வச்சு, குமிழி நடுவுல நிக்கிற வரைக்கும் பார்த்துத்தான் அந்த நாற்காலியை எடுத்தேன். ஆனாலும் எல்லாரும் சாய்வு, சாய்வுங்கறாங்க. அப்படின்னா அது எனக்கு உள்ளேருந்து வந்த சாய்வு!"

மாமனார் வேலையில் இருந்தவரை லிஃப்ட் ஆய்வாளர். ஒரு நூல் சாய்ந்தாலும் லிஃப்டைப் பூட்டிச் சீல் வைத்துவிட்டுப் போகிறவர். அப்படிப்பட்டவர் சொன்னார்: "இனிமே நேரா ஒரு படம் எடுக்க மாட்டேன் பாப்பா. ஞாயித்துக்கிழமை அங்க வந்து உங்க எல்லாரையும் ஒரு குடும்பப் படம் எடுக்கறேன். எல்லாரையும் சாய்ச்சு."

போனை வைத்ததும் கண்ணாடிக்கடைக்காரர் பதறினார். "மனுஷன் கெட்டுப்போயிடுவார். நானே தராசா இருந்து லேசா ஒரு வார்த்தை சொல்லிடறேன்." மனைவி தடுப்பதற்குள், பரிசுப் படத்தின் கீழே, 'அடுத்த படம் ஓரளவு நேராக இருந்தாலும் ரசிப்போம்' என்று எழுதிவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் மறுபடி போன்.

"பாப்பா, அந்தத் தராசுக்குப் புத்தி மழுங்கிடுச்சு. நேரா எடுக்கணுமாம்! உன் புருஷன் பேசற மாதிரியே பேசறான். எனக்கு மனசே சரியில்ல. ஞாயித்துக்கிழமை வரலாமா வேண்டாமான்னு இருக்கு."

மனைவி கணவரைப் பார்த்த பார்வையில், கடையிலுள்ள அத்தனை லென்ஸும் விரிசல் விட்டிருக்கும். தராசு அவசர அவசரமாக மறுபடி எழுதினார்: 'நேர்கோடு சாமானியர்களுக்கு. மன்னிக்கவும்.' அதைப் படித்த குழுவே, அடுத்த நாளுக்குள் தன் வீட்டு மேஜை, கட்டில், அலமாரிகளின் கால்களையெல்லாம் சாய்த்துப் படமெடுத்துத் தராசின் பார்வைக்கு அனுப்பியது. பல் டாக்டர் தன் நோயாளி நாற்காலியையே சாய்த்திருந்தார். அது எப்படியும் சாயும் நாற்காலிதான்.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் வந்தார். கையில், கதவில் பாதி அளவுக்கு ஒரு ஃப்ரேம். பரிசுப் படம்.

"உங்க ஹால்ல மாட்டத்தான்" என்றார்.

பின்னால் வந்த அத்தை, மாப்பிள்ளையைப் பார்த்து ஒரு மாதிரியாகச் சிரித்துவிட்டு, மகளைக் கட்டிக்கொண்டு உள்ளே போனார். ஒரு வருஷத்துப் பேச்சு அம்மாவுக்கும் மகளுக்கும் பாக்கியிருந்தது.

ஆணி அடிக்கும் வேலை மாப்பிள்ளை தலையில் விழுந்தது.

"ஃப்ரேமை நேரா மாட்டினா நாற்காலி சாயுது மாமா. நாற்காலியை நேராக்கினா ஃப்ரேம் சாயுது."

"ஃப்ரேம் நேரா இருக்கணும். சாய்வு உள்ளேருந்து வரணும்" என்று ரசமட்டத்தைப் பையிலிருந்து எடுத்தார் மாமனார். குமிழி நடுவில் வந்து நிற்பதற்குள் மாப்பிள்ளைக்கு முட்டி கழன்றுவிட்டது.

படம் மாட்டியாயிற்று. மாமனார் பின்னால் நகர்ந்து, கைகட்டி நின்று ரசித்தார். பிறகு மெதுவாகத் திரும்பினார்.

"மாப்பிள்ளை. ஊர் ஆயிரம் சொல்லட்டும். நீங்க முகத்துக்கு நேரா உண்மையைச் சொல்ற ஆள். அன்னிக்கு எனக்குக் கோபம் வந்தது நிஜம். ஆனா கண்ணாடியில பார்த்தப்ப ஜன்னல் வச்ச சுவர் மாதிரிதான் இருந்தேன். சொல்லுங்க, இதுக்கு எத்தனை ஸ்டார்?"

சமையலறை வாசலில் நின்ற மனைவி கரண்டியை இறுகப் பிடித்தாள். அத்தையும் எட்டிப் பார்த்தார்.

கண்ணாடிக்கடைக்காரர் மனசுக்குள் கணக்குப் போட்டார். இரண்டு என்றால் இந்த மனிதர் படியிறங்கிவிடுவார். ஒன்பது என்றால், ஒரு வருஷம் கழித்து நம்பிக் கேட்கிறவர் முகத்துக்கு நேராகப் பொய். நேராகப் பொய் சொல்ல அவருக்கு வரவில்லை. அலமாரியைத் திறந்து, தூங்கிக்கொண்டிருந்த கண்ணாடியை எடுத்தார். ஒரு தடவை துடைத்தார்.

"மாமா, அன்னிக்கு அத்தனை பேர் முன்னால அப்படிச் சொன்னது தப்பு. நான் வாயை மூடிக்கிறேன். இதைப் போட்டுட்டு நீங்களே பார்த்துச் சொல்லுங்க."

மாமனார் தயங்கினார். பிறகு போட்டுக்கொண்டார். இரண்டு ஜன்னலும் சுவரில் ஏறின.

முதலில் மகளைப் பார்த்தார். "பாப்பா, இளைச்சுட்டியே" என்றார். மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்புறம் படத்தைப் பார்த்தார். பக்கத்தில் போய்ப் பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"இது என்ன கண்றாவி?"

மனைவி கரண்டியோடு ஹாலுக்கே வந்துவிட்டாள்.

"இது நான் எடுத்த படமே இல்லையே! நான் எடுத்த நாற்காலிக்கு நாலு காலும் இருந்துச்சு! பக்கத்துல இருந்த ஏதோ ஒண்ணைத் தெரியாம அனுப்பித் தொலைச்சிருக்கேன்!"

இன்னொரு தடவை படத்தைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துச் சோபாவில் விழுந்தார். தங்க ஃப்ரேம் மூக்கில் துள்ளியது. மகளும் சிரித்தாள். கண்ணாடிக்கடைக்காரருக்கு ஒரு வாரமாக நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. அவரும் தாராளமாகச் சிரித்தார்.

"மாப்பிள்ளை, கண்ணாடி பிரமாதம்! எப்படியிருந்தா என்ன, இனிமே கழட்ட மாட்டேன்." மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆனா ஒண்ணு. இதுக்குப் போய் நினைவின் மூட்டம்னு எழுதி ஒன்பது போட்டானே அந்தத் தராசு, அந்த முட்டாளை உங்க கடைக்கு வரச் சொல்லி மொதல்ல கண்ணை டெஸ்ட் பண்ணணும்! அதுசரி, இந்தப் படத்தை யார்தான் எடுத்தது?"

அத்தை முந்தானையில் கையைத் துடைத்தபடி நிதானமாக வந்தார்.

"மொதல்ல ரெண்டு ஸ்டார் போட்டு, துடைக்கிற துணி குறுக்க வந்து விரல் பட்டிருக்குன்னு எழுதியிருந்தீங்களே மாப்பிள்ளை, அதை ஏன் மாத்தினீங்க? அன்னிக்குக் கேமராவைத் துடைச்சது நான்தான்!"