கடற்கரையில் குப்பை இல்லை

ஒரு மணி நேரம் தேடியும் கடற்கரையில் குப்பை இல்லை. ஹால்வார் பாறை இடுக்குகளை இன்னொரு தடவை துழாவினார்.

"அடுத்த ஞாயிறும் இப்படியே இருந்தா, குழுவைக் கலைச்சிடலாம்," என்றார் தலைவி சுன்னிவா.

கரையைச் சுத்தம் செய்யும் குழு என்றால் மூன்றே பேர். இவர்கள் இருவர், அப்புறம் பொறுக்கியதையெல்லாம் படிவத்தில் எழுதும் முன்னாள் தபால்காரி ஓத்னி. வேலை முடிந்ததும் பாறையில் உட்கார்ந்து காப்பி, வாஃபிள், சுன்னிவா தன் கையால் கிளறிய ஜாம். மனைவி இறந்து ஆறு வருஷமான ஹால்வார், அந்த அரை மணி நேரத்துக்காகவே வாரம் முழுக்க ஏங்கினார். வெறுமனே போய்க் கதவைத் தட்டுகிற பழக்கம் அந்த நார்வே ஊரில் கிடையாது. சுன்னிவாவைப் பார்க்க ஒரு காரணம் வேண்டும். குப்பைதான் அந்தக் காரணம்.

அந்த வாரம் மூன்று வேளையும் ரொட்டியில் டியூப் டியூபாக மீன்முட்டைப் பசையைப் பிதுக்கித் தின்றார். ஞாயிறு விடிந்ததும் ஐந்து காலி டியூப்களைப் பாறை இடுக்கில் செருகிவிட்டு வந்தார்.

அன்று ஐந்து டியூப்களோடு நாலு ஜாம் பாட்டில்களும் கிடைத்தன. எந்தப் புண்ணியவான் போட்டானோ! ஆனால் தலைவி முன்னால் அப்படிச் சொல்ல முடியுமா?

"ஜாம் பாட்டிலை இங்க வந்து போட்டிருக்கே, அதெல்லாம் மனுஷ ஜென்மமா?" என்று ஹால்வார் பொரிந்தார்.

சுன்னிவாவின் முகம் சிவந்தது. "டியூபைப் போட்டவன் மட்டும் யோக்கியமாக்கும்?"

ஹால்வாருக்குச் சுருக்கென்றது. சந்தேகம் தன்மேல் விழக்கூடாதே என்று வீராப்பாக, "பத்திரிகைக்கே எழுதிடறேன்!" என்றார். எழுதியும் விட்டார்.

அடுத்த ஞாயிறு அறுபது பேர் திரண்டார்கள். அவர் குனிவதற்குள் கரை சுத்தமாகிவிட்டது. வாஃபிள் அவர் கைக்கு வரவில்லை. பாறையில் உட்காரவும் இடமில்லை. தூரத்தில் சுன்னிவா யார் யாருக்கோ காப்பி ஊற்றிக்கொண்டிருந்தார். ஹால்வாருக்கு அழுகை முட்டியது.

"மான் பார்க்க வச்சிருக்கிற கேமராவை இங்க கட்டறேன். போடற ஆளு மாட்டிப்பான்," என்றார் ஒரு வேட்டைக்காரர். எல்லோரும் கை தட்டினார்கள்.

ஹால்வாரின் பையில் இந்த வாரம் தின்று காலி செய்த ஏழு டியூப்கள் இருந்தன. சுன்னிவாவுக்குத் தெரிந்தால் முகத்தில்கூட விழிக்க மாட்டாரே! வேர்த்து விறுவிறுத்து, ஓரமாக எழுதிக்கொண்டிருந்த ஓத்னியிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினார்.

"அவங்களைப் பார்க்காம ஒரு ஞாயித்துக்கிழமையைக்கூட என்னால ஓட்ட முடியாது, ஓத்னி. அதான் இப்படிப் பண்ணிட்டேன்."

ஓத்னி படிவத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ஜாம் பாட்டில்காரி சித்த முன்னாடிதான் இதே இடத்துல நின்னு, இதையே சொல்லி அழுதுட்டு, உங்களுக்குக் காப்பி எடுத்துட்டு வரப் போயிருக்கா, இனிமேலாவது ரெண்டு பேரும் ஒரே வீட்டுல குப்பை போடுங்க, எழுதி எழுதி எனக்குக் கை வலிக்குது."