நொண்டி வால்ட்ஸ்

இந்தச் சனிக்கிழமையோடு மாமனாரின் வால்ட்ஸ் நடன இசையைத் தலைமுழுகிவிடுவது என்று டோரினோ சபதம் எடுத்தான். சவரம் செய்துகொண்டே எடுத்த சபதம். அதனால் தாடையில் கொஞ்சம் ரத்தமும் சிந்தியாயிற்று.

எழுபத்து மூன்றாம் வருஷம். இத்தாலியின் லூகோ ஊரில் மீசை முளைத்தவனெல்லாம் ராக் இசைக்குழு வைத்திருந்தான். டோரினோவின் குழுவுக்குப் பெயர் ‘மூன்றாம் சூரியனின் ஆமை’. கைவசம் ஒரே பாட்டுதான். ஆனால் அது இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஓடும். நடுவில் உலகம் அழிந்து, மறுபடி பிறந்து, திரும்பவும் அழியும். செப்டம்பரில் ரோம் நகர இளைஞர் விழாவில் மேடை கிடைத்திருந்தது. ஒத்திகைக்குச் சனிக்கிழமை ஒன்றுதான் தோது.

அந்தச் சனிக்கிழமையைத்தான் மாமனார் அந்தேயோ விழுங்கிக்கொண்டிருந்தார். ஊர்க்கோடி நடனக் கொட்டகையில் வாரம் தவறாமல் அவருடைய அக்கார்டியன் கோஷ்டி. ஆர்கன் வாசிக்க வீட்டு மாப்பிள்ளை.

தானாக விலகினால் குடும்பத் துரோகி. அவரே விரட்டிவிட்டால் விடுதலை. ஆகவே விரட்டும்படி வாசிக்க வேண்டும்.

“மாமா, புதுசா ஒரு வால்ட்ஸ் கட்டியிருக்கேன். சனிக்கிழமை நான் மட்டும் வாசிக்கிறேன். நீங்க சித்த நேரம் ஓய்வெடுங்க.”

“ஓய்வா? நான் செத்தா எடுத்துக்கறேன்” என்றார் அந்தேயோ. ஆனாலும் சரி என்றார்.

வால்ட்ஸ் என்றால் மும்மூன்றாகத் தட்டு விழும். டோரினோ இரண்டு மூன்றுக்குப் பின்னால் ஒரு தட்டைக் கூடுதலாகச் செருகினான். ஆக ஏழு. ஆடுகிறவன் கால் எங்கே போகும்? பக்கத்துக்காரன் கால்மேல் போகும்.

அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பழகினான். அடுக்களையில் மனைவி இரிடே பாஸ்தாவுக்கு மாவு தேய்த்துக்கொண்டிருந்தாள். அக்கார்டியன் பெட்டிக்குள் தூங்கி வளர்ந்த பெண் அவள்.

“என்னய்யா வாசிக்கிற? உருட்டுக்கட்டை இடறி இடறி விரல்ல ஏறுது!”

“அது நவீனம் இரிடே. உனக்குப் புரியாது.”

“ஆமாமா. எனக்கு என்ன புரியும்? மாவுதான் புரியும்.”

அவ்வளவுதான் பேச்சு. அவள் மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள். டோரினோ காதைத் தீட்டியிருந்தால், கட்டை இப்போது இடறாமல் ஏழு ஏழாக உருளுவது கேட்டிருக்கும்.

சனிக்கிழமை கொட்டகை நிரம்பி வழிந்தது. டோரினோ ஆர்கனில் கை வைத்தான். முதல் சுற்றிலேயே ரொட்டிக்கடைக்காரரும் மனைவியும் தபால்காரர் மடியில் போய் விழுந்தார்கள். டோரினோவுக்கு உச்சி குளிர்ந்தது. அந்தேயோவின் முகம் தக்காளியாய்ச் சிவந்தது.

அப்போது மைக்கில் இரிடேயின் குரல்.

“பயப்படாதீங்க, இது போட்டி! இதுக்குப் பேரு நொண்டி வால்ட்ஸ்! கடைசிவரைக்கும் விழாம ஆடற ஜோடிக்கு உப்புல ஊறி உலர்ந்த முழுப் பன்றித்தொடை! அதோ தொங்குது பாருங்க!”

கூட்டம் ‘ஓ’வென்று கத்தியது. டோரினோ பதறிப்போய்த் தாளத்தை ஐந்தாக்கினான். விழுந்தவர்கள் எழுந்து சிரித்தார்கள். பதினொன்றாக்கினான். விசில் பறந்தது. வேறு வழியில்லாமல் ஆமையின் பாட்டையே அவிழ்த்துவிட்டான். உலகம் அழிந்தபோது கிழவிகள் கைதட்டினார்கள். மறுபடி பிறந்தபோது இன்னொரு தடவை அழிக்கச் சொன்னார்கள்.

கடைசியில் ஒரே ஒரு ஜோடி நின்றது. ஒருத்தி இரிடே. அவள் கையைப் பிடித்திருந்தவன் லேர்கோ, ஆமையின் டிரம்மர்.

“டேய், நீ என்னடா இங்க?” என்று டோரினோ மேடையிலிருந்தே கத்தினான்.

“ஒத்திகைதான்டா! இங்க வந்தா கேட்கவும் ஆள் இருக்கு, திங்கவும் கிடைக்கும்னு உன் பொண்டாட்டிதான் கூப்பிட்டா!” பன்றித்தொடையைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டான் லேர்கோ.

அந்தேயோ ஓடிவந்து மருமகனைக் கட்டிக்கொண்டார். கண்ணில் நீர். “மாப்ளே! இனிமே எல்லாச் சனிக்கிழமையும் நொண்டிதான்! கிறிஸ்துமஸ் வரைக்கும் போஸ்டர் அடிக்கச் சொல்லிட்டேன்!”

“மாமா, செப்டம்பர்ல ரோம்ல...”

“ரோம் எங்கயும் ஓடிடாது. ரெண்டாயிரம் வருஷமா அங்கயேதான் கிடக்கு!”

வீடு திரும்பும் வழியில் டோரினோ ஸ்டீயரிங்கை முறைத்துக்கொண்டே வந்தான்.

“தெரிஞ்சேதானே செஞ்ச?”

“வாரம் பூரா உன் அழிவையும் பிறப்பையும் கேட்கிறவ, ஒரு ராத்திரி ஆடக்கூடாதா? நீ எங்கயோ போய் ஆமை மேய்ப்ப, நான் சுவரைப் பார்த்துட்டு உக்காரணுமா?”

“நான் மட்டும் இன்னிக்கு ஒழுங்கா வாசிச்சிருந்தா...”

“வாசிச்சிருந்தா விடுதலைதான்” என்றாள் இரிடே, செருப்பைக் கழற்றிக் காலை நீட்டியபடி. “‘பையன் தூங்கி வழியறான், அடுத்த வாரத்தோட அனுப்பிடலாம்’னு அப்பா போன வாரமே முடிவு பண்ணிட்டாரு.”