தையல்காரருக்கு வந்த குதிகால் வலி

தனக்குக் குதிகால் வலி வந்தே தீர வேண்டும் என்று தையல்காரர் முடிவெடுத்தார்.

பாவம், அவருக்கு வேறு வழி தெரியவில்லை. ஒரே மகளை ஆஸ்பத்திரியில் பறிகொடுத்த பிறகு மனைவி வாசற்படி தாண்டவில்லை. கூப்பிட்டால் "நீங்க போயிட்டு வாங்க" என்பாள். காய்கறி, சோப்பு, தீப்பெட்டி எல்லாம் அவர்தான். அவர் காலே மடங்கிவிட்டால் அவள் போய்த்தானே ஆகவேண்டும்? போனால் நாலு முகம் பார்ப்பாள், நாலு வார்த்தை பேசுவாள். முழங்கால் வலி என்றால் எக்ஸ்ரே எடுத்து மானத்தை வாங்கிவிடுவார்கள். குதிகால்தான் தோது.

அன்று சாயங்காலம் கடையிலிருந்து நொண்டிக்கொண்டே வந்தார்.

"ஐயோ, உயிர் போகுதே! மெஷினை மிதிச்சு மிதிச்சுக் குதிகாலே போச்சு."

அவள் ஏற இறங்கப் பார்த்தாள். "கிளம்புங்க, டாக்டர்கிட்ட போலாம்."

அவருக்குச் சந்தோஷத்தில் குதிக்க வேண்டும் போலிருந்தது. வலிக்காரர் குதிக்கலாமா? அடக்கிக்கொண்டார்.

"எப்ப வலிக்குது?" என்று டாக்டர் கேட்டார். தையல்காரர் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"காலையில எழுந்து முதல் அடி வைக்கிறப்பதான், டாக்டர். ஊசி இறக்குற மாதிரி. சுவத்தைப் பிடிச்சுக் கொஞ்சம் நடந்தா குறையும். உட்கார்ந்து எழுந்தா மறுபடி பிடிச்சுக்கும்."

நம் நடிப்பில் இவ்வளவு நுணுக்கமா என்று தையல்காரர் பூரித்துப்போனார்.

குதிகாலிலிருந்து விரல்வரை ஓடும் தசைநார் புண்பட்டிருக்கிறது என்றார் டாக்டர். படுக்கையை விட்டு இறங்கும் முன் பாதத்தில் துண்டை மாட்டித் தன் பக்கம் இழுக்கவேண்டும். சுவரில் கை ஊன்றிக் கெண்டைக்காலை நீட்டவேண்டும். உறைந்த தண்ணீர் பாட்டிலை உள்ளங்காலால் உருட்டவேண்டும். வெறுங்காலோடு தரையில் நடக்கவே கூடாது. மாதக்கணக்காகும், பொறுமை வேண்டும்.

"இப்படி இழுக்கணும்" என்று அவள் தினமும் செய்து காட்டினாள். அவரைவிட அதிக நேரம் செய்து காட்டினாள். பாட்டில் சரியாக உறைந்திருக்கிறதா என்று அவளே உருட்டிப் பார்த்தாள். ஆனால் வெளியே போனது அன்றோடு சரி. போனில் சொன்னால் சாமான் வீட்டுக்கே வந்தது. திட்டம் படுத்துவிட்டது. ராஜா மாதிரி உட்கார்ந்திருந்த தையல்காரருக்கு மனசு மட்டும் கனத்துக்கொண்டே போனது.

சில வாரம் கழித்து, மெத்தை வைத்த செருப்பும் அப்படியே வந்தது. மாட்டிப் பார்த்தார். குதிகால் வெளியே தொங்கியது. ஆளைப் பார்த்தே இடுப்பளவு சொல்லுகிற மனுஷருக்கு இது யார் அளவென்று தெரியாதா?

"இது உன் கால் அளவு."

அவள் தன் பாதத்தைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"எப்பலேர்ந்து?"

"பாப்பாவை ஐசியூல வெச்சிருந்தப்பலேர்ந்து. செருப்பை வெளிய விடச் சொன்னாங்க. அந்தத் தரையில நின்னுக்கிட்டேதானே இருந்தேன். குழந்தையே போயிட்டா. இதுல எனக்குக் கால் வலிக்குதுன்னு எந்த வாயால சொல்றது?"

தையல்காரர் அழுதார். மகள் போன அன்று, ஆகவேண்டியதைப் பார்க்கணுமே என்று அடக்கிவைத்த அழுகை. அவளும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள்.

கொஞ்ச நேரம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார்: "அப்ப, என் வலி?"

"நிஜமா வலிக்கிறவங்க காலையில நொண்டுவாங்க. நீங்க காலையில துள்ளிக் குதிச்சுக் கடைக்குப் போறீங்க, சாயங்காலம் நொண்டுறீங்க."

செருப்பை அவர் காலிலிருந்து உருவித் தான் மாட்டிக்கொண்டாள். நின்று பார்த்தாள். பையை எடுத்துக்கொண்டு மெல்ல வாசற்படி வரை போனாள்.

"இரு, நானும் வரேன்" என்று அவர் எழுந்தார்.

"நீங்க எங்க வர்றது? உங்களுக்குத்தான் கால் வலியாச்சே! உட்கார்ந்து பாட்டிலை உருட்டுங்க."